அந்தமானில் ஐந்து நண்பர்கள், 12 நாள்கள்: எத்தனை தீவுகள் போதும்?

சேர்வராயன்:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர், ஜனவரி இறுதியில் 12 நாள்கள் அந்தமான் தீவுகளில் முதுகுப்பையுடன் சுற்றிவரத் திட்டமிட்டிருக்கிறோம். பயண நிறுவனம் எதனிடமும் பணம் கட்டிப் போவதில் எங்களுக்கு விருப்பமில்லை. அரசுப் படகு, பேருந்து, எளிய மூங்கில் குடில், கிடைத்த சாப்பாடு என்று போகவே ஆசைப்படுகிறோம். போர்ட் பிளேர் (2024 முதல் அதன் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்), ஹேவ்லாக், நீல், லாங் ஐலண்டு, பாராட்டாங், திக்லிபூர், லிட்டில் அந்தமான் என்று ஏழு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். எங்களில் ஒருவனுக்கு நீச்சல் தெரியாது. சேலத்துக்காரர்களான மற்றவர்களும் கிணற்றிலும் ஏரியிலும் நீந்தியவர்களே அன்றிக் கடலில் பழகியவர்கள் அல்லர். சென்னையிலிருந்து கப்பலில் போகலாமா, விமானத்தில் போகலாமா என்பதிலும் எங்களுக்குள் இன்னும் முடிவு ஏற்படவில்லை. போய் வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கொண்டல்:
உங்கள் பட்டியலைப் பார்த்ததும் என்னுடைய முதல் பயணம் நினைவுக்கு வந்ததால் சற்று விரிவாக எழுதுகிறேன். 12 நாள்களில் வந்து இறங்கும் நாளையும் திரும்பும் நாளையும் கழித்தால் எஞ்சுவது 10. ஏழு இடங்கள் என்றால் ஆறு இடமாற்றங்கள். தீவுகளில் ஓர் இடமாற்றம் என்பது, சேலத்தில் பேருந்து ஏறி ஏற்காட்டில் இறங்குவதைப் போன்றதன்று. காலையில் அறையைக் காலி செய்து, படகுத்துறைக்குப் போய், சீட்டையும் அடையாள அட்டையையும் காட்டிக் காத்திருந்து, கடலைக் கடந்து, மறுகரையில் தங்குமிடம் தேடிப் பையை இறக்கி வைக்கும்போது பிற்பகல் ஆகிவிடும். நம் ஊருக்கு வெகு கிழக்கே இருக்கிறது என்பதால், நம் கடிகாரத்தின்படி ஜனவரியில் மாலை 5.30 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. அதாவது இடம் மாறும் ஒவ்வொரு நாளும் பெரும்பாலும் இழந்த நாளே.

நாங்கள் நான்கு பேர் ஒன்பது நாள்களில் ஐந்து இடங்களைப் பார்த்தோம். ஊர் திரும்பிய பிறகு யோசித்தால், எந்தக் கடற்கரையிலும் இரண்டாவது முறையாகக் கால் வைத்த நினைவே எனக்கு இல்லை. அந்தத் தீவுக்கூட்டத்தில் உள்ள 500-க்கும் மேற்பட்ட தீவுகளில் 40-க்கும் குறைவானவற்றில்தான் மக்கள் வாழ்கிறார்கள்; அவற்றிலும் வெளியார் போகக்கூடியவை சிலவே. அந்தச் சிலவற்றை எல்லாம் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்ற வேகம்தான் எங்களைக் கெடுத்தது. நீல், ஹேவ்லாக் இரண்டும் உங்களுக்குப் போதும் என்பது என் உறுதியான கருத்து. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு அரசுப் படகில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும், தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம் ஆகும். கட்டணத்தில் வேறுபாடு பெரிது. அரசுப் படகில் திறந்த தளத்தில் நின்று காற்று வாங்க முடியும். விரைவுப் படகுகளில் பெரும்பாலும் குளிரூட்டிய அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். குமட்டல் வருபவர்களுக்கு முன்னதே நல்லது.

பாய்மரம்:
கப்பலில் போவதைப் பற்றி நான் சொல்கிறேன். சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் பயணம். கூடத்தில் அடுக்குப் படுக்கைகள் கொண்ட பங்க் வகுப்பே மிக மலிவானது. எங்கள் கூடத்தில் உடன் வந்தவர்கள் பெரும்பாலும் தீவுவாசிகளே. முதல் நாள் மாலை கரை மறைந்து, கைப்பேசியில் தொடர்பு அற்றுப் போன பிறகு, நான்கு பக்கமும் தண்ணீர் மட்டுமே தெரியும் அந்த இரண்டு நாள்களில் நானும் என் நண்பர்களும் பேசியதைப் போல அதற்கு முன் பல ஆண்டுகளாகப் பேசியதில்லை. தளத்தின் விளிம்பில் நின்றால் பறக்கும் மீன்கள் நீரைக் கிழித்துக்கொண்டு எழுந்து வெகுதூரம் மிதந்து போவதைக் காணலாம். கப்பலின் பயண நாள் வெகு முன்னதாக அறிவிக்கப்படுவதில்லை என்பதையும், அறிவித்த நாளும் வானிலையாலும் பிற காரணங்களாலும் மாறக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஆகவே போகும்போது மட்டும் கப்பல். திரும்பும்போது கப்பலை நம்பி அலுவலக விடுப்பைக் கணக்கிட வேண்டாம்.

கொண்டல்:
பாய்மரம் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் 12 நாள்களில் மூன்று கப்பலுக்குப் போனால் தீவுக்கு ஒன்பதுதான். விடுப்பு கூடுதலாகக் கிடைப்பவர் மட்டும் கப்பலில் முன்னதாகப் புறப்படலாமே? ஐந்து பேரும் ஒரே வழியில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஓதம்:
நான் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். தம்பி, நீச்சல் தெரியாத நண்பர் உடன் வருகிறார் என்று நீங்கள் எழுதியதால்தான் பதில் எழுதுகிறேன்.

நம் பக்கத்துக் கடலில் ஏற்ற வற்றம் மிகக் குறைவு. கரையில் நிற்பவருக்கு அது கண்ணில் படாது. அதனால் நம் ஊர்களிலிருந்து போகிறவர்கள் கடல் நீர்மட்டம் நாளுக்கு நான்கு முறை மாறும் என்பதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மீட்டர் வேறுபாடு இருக்கும். ஹேவ்லாக்கின் கிழக்குப் பக்கத்தில் விஜயநகர் கடற்கரையில் காலையில் இடுப்பளவு தண்ணீரில் குளித்துவிட்டு, சாப்பிட்டு உறங்கிப் பிற்பகலில் வந்து பார்த்தால், கடல் வெகுதூரம் பின்வாங்கி, பாறையும் இறந்த பவளமும் கடற்புல்லும் மட்டுமே எஞ்சியிருக்கும். அதில் வெறுங்காலுடன் நடந்தால் பாதம் கிழியும். பவளக் கீறல் எளிதில் ஆறாது. அதே தீவின் மேற்குப் பக்கத்தில் உள்ள ராதாநகரில் பாறை இல்லாத வெண்மணல் என்பதால் எந்த நேரமும் இறங்கலாம். அங்கே உயிர்காப்பாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் அலை வந்தால் அங்கேதான் வலுவாக வரும்.

ஆகவே புறப்படும் முன்பே அந்த 12 நாள்களுக்கான ஏற்ற வற்ற அட்டவணையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதைத் தெரிந்துகொண்டால் மீதியை நீங்களே கணக்கிடலாம். நீல் தீவில் லட்சுமண்பூர் பக்கத்தில் இருக்கும் இயற்கைப் பாறை வளைவைக் காண வற்றத்தில்தான் போக வேண்டும். பாறைக் குட்டைகளில் சிறு மீன்களும் நண்டுகளும் கடல் அட்டைகளும் அப்போதுதான் தெரியும். பரத்பூரில் பவளத்தின் மேல் மிதந்து பார்ப்பதற்கு ஏற்றம் வேண்டும். வற்றத்தில் போனால் உங்கள் கால் பவளத்தை மிதிக்கும், பவளம் உங்கள் காலைக் கிழிக்கும். இரண்டும் தவிர்க்க வேண்டியவை.

நீச்சல் தெரியாத நண்பரைப் பற்றி ஒன்று. அவரைக் கேலி செய்தோ ஊக்கப்படுத்துவதாக நினைத்தோ தண்ணீருக்குள் இழுக்காதீர்கள். ஏரியில் நீந்தியவர்களும் கடலைப் பொறுத்தவரை அவருக்குச் சமமே என்று எண்ணிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஏரியில் இழுப்பு இல்லை. கரையிலிருந்து கடலுக்குள் ஓடும் நீரின் இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். மது அருந்தியவர் அன்றைக்குக் கடலில் இறங்குவதில்லை என்று ஐவரும் ஊரிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். நண்பர்கள் கூட்டமாகப் போய் ஒருவரைக் கடலில் விட்டுவிட்டுத் திரும்புவதை எங்கள் கரையில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பெரிய அலை நாள்களில் அது நடப்பதில்லை. அமைதியாகத் தெரிந்த நாள்களில்தான் நடந்திருக்கிறது.

இன்னொன்று முதலை. அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-இல் ராதாநகருக்கு அருகில் ஒரு சுற்றுலாப் பயணி முதலைக்குப் பலியானார். ஓடை முகங்களிலும் அலையாத்திக் காட்டை ஒட்டியும் இறங்க வேண்டாம். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் ஊர்க்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

மழைவில்:
ஓதம் ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்கூபா செய்யும் எண்ணம் இருந்தால் அதைப் பயணத்தின் முற்பகுதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் மூச்சு வாங்கும்போது உடலில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும் என்பதால், பல முறை மூழ்கியவர் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கடைசி நாள் காலையில் மூழ்கிவிட்டு மாலையில் விமானம் ஏறுவது ஆபத்து.

குறிஞ்சித்தேன்:
உங்கள் பட்டியலில் பாராட்டாங்கும் திக்லிபூரும் இருப்பதால், நான் மனத்தில் உறுத்தலோடு சுமக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நானும் மூன்று தோழிகளும் பாராட்டாங்கின் சுண்ணாம்புக் குகையைக் காண அந்தமான் நெடுஞ்சாலையில் போனோம். ஜிர்காட்டாங் சாவடியில் விடியற்காலையில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, காவலர் துணையுடன் ஒரே அணியாக அனுப்புகிறார்கள். அந்தச் சாலை ஜராவா என்னும் பழங்குடி மக்களின் காப்பகக் காட்டின் ஊடே செல்கிறது. படம் எடுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறார்கள். ஆனால் எங்கள் வண்டியில் இருந்தவர்கள் வழி நெடுகக் காட்டைப் பார்க்கவில்லை. மனிதர்கள் தென்படுகிறார்களா என்றே ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு தேடினார்கள். சாலையோரத்தில் ஒரு தாயும் குழந்தையும் நின்றார்கள். வண்டிக்குள் எழுந்த கூச்சல் இன்றும் என் காதில் இருக்கிறது.

ஜராவாக்கள் வெளியாரோடு பகையின்றிப் பழகத் தொடங்கியதே 1990-களின் பிற்பகுதியில்தான். 1999-இலும் 2006-இலும் அவர்களிடையே தட்டம்மை பரவியது. அந்தச் சாலையை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே உத்தரவிட்டது. 2012-இல் ஜராவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகள் முன் ஆட வைக்கும் காணொளி வெளியாகி நாடே தலைகுனிந்தது. இதற்குப் பிறகும், ஒரு குகையைப் பார்ப்பதற்காக அந்த வழியே போக வேண்டுமா என்று ஐவரும் கூடி யோசியுங்கள். நான் மறுபடியும் போக மாட்டேன்.

மங்குத்தான்:
நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவன். என் தாத்தா இராமநாதபுரத்திலிருந்து வந்தவர். குறிஞ்சித்தேன் சகோதரியின் வருத்தத்தை நான் மதிக்கிறேன். அதே நேரம், நடு அந்தமானிலும் வட அந்தமானிலும் வாழும் எங்கள் மக்களுக்கு அந்தச் சாலைதான் மருத்துவமனைக்கும் சந்தைக்குமான வழி என்பதையும் வெளியூர் நண்பர்கள் அறிய வேண்டும். இரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணை வைத்துக்கொண்டு சாவடி திறக்கக் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆகவே சாலையை மூடுவது என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியவில்லை. ஆனால் சுற்றுலாவுக்கு வருபவர்கள் அதைத் தவிர்க்கலாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. திக்லிபூருக்கு ஏரியல் பே துறை வரை கப்பலும் உண்டு. நேரம் கூடுதலாகும், அவ்வளவே.

தம்பி, லிட்டில் அந்தமானையும் இந்த முறை விட்டுவிடுங்கள். ஹட் பே துறைக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். கடல் கொந்தளித்துத் திரும்பும் கப்பல் தள்ளிப்போனால் உங்கள் விமானம் போய்விடும். எந்தத் தீவிலிருந்து வந்தாலும் விமானத்துக்கு முந்தைய இரவைப் போர்ட் பிளேரில் கழியுங்கள். நகரில் தமிழ் பேசுவோர் ஏராளம் என்பதால் உங்களுக்கு அந்நியம் தோன்றாது. நீல், ஹேவ்லாக் தீவுகளில் பெரும்பாலோர் நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியமர்த்தப்பட்ட குடும்பத்தார். அவர்கள் நடத்தும் சிறு கடைகளில் மீன் குழம்பும் சோறும் கேட்டுச் சாப்பிடுங்கள். விடுதிகளின் விலையில் பாதிகூட ஆகாது. நீல் தீவின் காய்கறிதான் போர்ட் பிளேர் சந்தைக்கே வருகிறது.

சேர்வராயன்:
இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு ஐவர் சார்பிலும் நன்றி. நேற்றிரவு இவற்றையெல்லாம் உரக்கப் படித்துப் பேசினோம். பாராட்டாங்கையும் திக்லிபூரையும் நீக்கிவிட்டோம். லிட்டில் அந்தமானையும் லாங் ஐலண்டையும் நீக்குவதில் ஒருவனுக்கு வருத்தம். இப்போது போர்ட் பிளேரில் ஓர் இரவு, நீலில் நான்கு, ஹேவ்லாக்கில் நான்கு, மறுபடியும் போர்ட் பிளேரில் இரண்டு என்று வைத்திருக்கிறோம். விடுப்பு உள்ள இருவர் கப்பலில் முன்னதாகப் புறப்படுவார்கள். பணத்தை எப்படிக் கையாள்வது என்பது மட்டும் மீதியிருக்கிறது. ஐவரின் வருமானமும் ஒன்றல்ல. ஒருவன் இப்போதுதான் வேலை இழந்திருக்கிறான்.

பாய்மரம்:
கையில் குறைவாக வைத்திருப்பவர் எவ்வளவு செலவு செய்ய முடியுமோ அதையே ஐவருக்குமான அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடம், படகு, சாப்பாடு மூன்றுக்கும் ஒவ்வொருவரும் சம தொகையை முதல் நாளே ஒரு பையில் போட்டு, ஒருவர் பொறுப்பில் விடுங்கள். பை காலியானால் மறுபடியும் சமமாகப் போடுங்கள். ஸ்கூபா போன்ற தனி விருப்பங்கள் அவரவர் கைப்பணம். வேலை இழந்த நண்பருக்கு உதவ விரும்பினால் புறப்படும் முன்பே தனியாகப் பேசி முடியுங்கள். உணவு மேசையில் வைத்து “உன் பங்கை நான் கொடுக்கிறேன்” என்று சொல்வது அவரைக் குன்ற வைக்கும். சென்னையிலிருந்து போடப்பட்ட கடலடிக் கம்பிவடம் 2020-இல் செயல்படத் தொடங்கியபின் அங்கே இணையம் மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் சிறு தீவுகளில் ஏ.டி.எம். மிகக் குறைவு, தொடர்பும் அறுபடும். ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள்.

மழைவில்:
பை 40 லிட்டருக்கு மேல் வேண்டாம். நீர் புகாத பை ஒன்று, மணல் ஈக்களுக்காகத் தேங்காய் எண்ணெய், குமட்டல் மாத்திரை இவை கட்டாயம். மாத்திரையைப் படகு புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சிப்பி, பவளத் துண்டு எதையும் எடுத்து வராதீர்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத்தை எடுப்பதும் குற்றமே, விமான நிலையச் சோதனையில் பிடிபடும்.

சேர்வராயன்:
பிப்ரவரி இரண்டாம் வாரம் திரும்பினோம். வழிகாட்டியவர்களுக்கு நடந்ததைச் சொல்வது கடமை என்று எழுதுகிறேன்.

கப்பல் அறிவித்த நாளுக்கு ஒரு நாள் கழித்தே புறப்பட்டது. அதில் போன இருவரும் எங்களுக்கு முன்னதாகச் சேர்ந்திருக்க வேண்டியவர்கள். நாங்கள் விமானத்தில் இறங்கிய அதே மாலைதான் வந்து சேர்ந்தார்கள். முதல் நாள் முழுவதும் வாந்தி எடுத்ததாகவும், மூன்றாம் நாள் இறங்கவே மனம் வரவில்லை என்றும் சொன்னார்கள்.

நீல் தீவில் நான்கு இரவுகள் இருந்ததால் நாங்கள் எதற்கும் அவசரப்படவில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் பிற்பகல் வற்றத்தில் பாறை வளைவுக்குப் போனோம். வழிகாட்டியாக வந்த பெரியவர் ஒரு கல்லை மெல்லப் புரட்டி அதன் அடியில் இருந்த குட்டி ஆக்டோபஸைக் காட்டிவிட்டு, கல்லை இருந்தபடியே திரும்ப வைத்தார். வேகமாகப் பார்த்துவிட்டு ஓடும் கூட்டங்கள் போன பிறகு அவரே எங்களோடு அமர்ந்து, சுனாமி நாளில் கடல் எவ்வளவு தூரம் உள்வாங்கியது என்று கையை நீட்டிக் காட்டினார்.

நீச்சல் தெரியாத நண்பன் முதல் மூன்று நாள்களும் கரையிலேயே இருந்தான். ஓதம் அண்ணா சொன்னபடி நாங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்காம் நாள் காலை ஏற்றத்தில் அவனாகவே மிதவை அங்கியைக் கேட்டு வாங்கி, பரத்பூரில் வழிகாட்டியின் மிதவை வளையத்தைப் பிடித்தபடி முகத்தை நீரில் வைத்தான். கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் ஓசை தண்ணீருக்குள் கேட்கிறது என்று மேலே வந்து சொன்னவன் அவன்தான். நாங்கள் நால்வரும் அதைக் கவனித்திருக்கவில்லை. ஹேவ்லாக்கில் அவன் இரண்டு முறை இறங்கினான். யானைக் கடற்கரைப் பக்கம் பவளம் பல இடங்களில் வெளிறிக் கிடந்தது. கடல் சூடேறுவதால் பவளம் வெளுக்கிறது என்று படித்திருந்தும், நேரில் பார்த்தபோது ஐவருக்கும் பேச்சு எழவில்லை.

லாங் ஐலண்டை விட்டதற்கு வருந்திய நண்பன் இப்போது திக்லிபூரைப் பற்றிக் கேட்கிறான். சாலை வழி வேண்டாம், கப்பலில் போய் எட்டு நாளும் அங்கேயே இருப்போம் என்பதில் ஐவரும் ஒத்திருக்கிறோம். மங்குத்தான் அண்ணா, எந்த மாதம் வரலாம்?

மங்குத்தான்:
டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் வாருங்கள் தம்பி. காளிபூர் கடற்கரையில் ஆமைகள் முட்டையிடும் பருவம் அது. இரவில் வெளிச்சம் அடிக்காமல், வனத்துறையினர் சொல்லும் தொலைவில் நின்று பார்க்கலாம். 732 மீட்டர் உயரமுள்ள சாடில் பீக் மலையில் ஏற ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ராஸ், ஸ்மித் தீவுகளை இணைக்கும் மணல் திட்டு வற்றத்தில்தான் முழுமையாகத் தெரியும் என்பதால், ஏற்ற வற்ற அட்டவணையை மறுபடியும் எடுத்து வையுங்கள். கப்பல் நாள் தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள். ஏரியல் பே துறைக்கு அருகில் தங்கும் வீடு ஒன்றை நான் விசாரித்துச் சொல்கிறேன்.